பெரிய பம்ப் மாட்டினால் ஸ்டீரிங் லேசாகுமா? பழைய லாரி வைத்திருப்பவர்களுக்கு ஒரு விளக்கம்

மொத்தச் சந்தையான புதுத் தரகுப்பேட்டைக்குள் ஆறு சக்கர லாரியை ரிவர்ஸ் எடுத்தவர்களுக்குத்தான் ஸ்டீரிங்கின் எடை தெரியும். பெங்களூரில் பகலில் பெரிய வண்டிகளுக்குத் தடை நேரம் உண்டு. அதனால் பருப்பும் மஞ்சளும் ராத்திரியில்தான் வந்து இறங்கும். இரண்டு பக்கமும் வண்டிகள் நிற்க, நடுவில் ஒடித்து ஒடித்து ஏற்ற வேண்டும். என் சித்தப்பா சங்ககிரிக்காரர். யஷ்வந்த்பூர் டிரக் டெர்மினல் பக்கம் குடியிருக்கிறார். சொந்தமாக ஒரே ஒரு பழைய லாரி. போன மழைக்காலத்தில் ஒருநாள், தோளைப் பிடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார்.

"பம்ப் போச்சுடா கண்ணு. பெருசா ஒண்ணு வாங்கி மாட்டிட்டா பூ மாதிரி திரும்பும்" என்றார்.

நான் பீன்யா தொழிற்பேட்டையில் ஹைட்ராலிக் பிரஸ்களுக்குப் பவர் பேக் கட்டும் பட்டறையில் வேலை பார்க்கிறேன். பம்ப், வால்வு, ஹோஸ் எல்லாம் எனக்குத் தினசரிப் புழக்கம். "ஞாயித்துக்கிழமை நான் வர்றேன், பிரஷர் கேஜ் போட்டுப் பாத்துட்டு முடிவு பண்ணலாம் சித்தப்பா" என்றேன். அவர் ஞாயிறு வரை பொறுக்கவில்லை. அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன். அவருக்கு நான் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டிய விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்: பம்ப் அழுத்தத்தைத் தருவதில்லை. பம்ப் தருவது ஓட்டத்தை மட்டும்தான்.

வாய்க்காலும் மடையும்

வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது. ஓடிக்கொண்டே இருக்கும்வரை அது கரையை முட்டுவதில்லை. கடைசி மடையை அடைத்துவிட்டால்? தண்ணீர் ஏறும், கரையைத் தள்ளும், பக்கத்து வயலுக்குள் பாயும். வருகிற தண்ணீர் அதே அளவுதான். தடை வந்ததால்தான் அது தள்ளுகிறது.

பவர் ஸ்டீரிங்கும் இப்படித்தான். எஞ்சின் ஓடும்போது பம்ப்பும் சுற்றுகிறது. சின்ன எண்ணெய் டேங்கிலிருந்து எண்ணெயை இழுத்து, கெட்டியான பிரஷர் ஹோஸ் வழியாக ஸ்டீரிங் பாக்ஸுக்கு அனுப்புகிறது. நேர்ரோட்டில் போகும்போது அந்த எண்ணெய் பாக்ஸுக்குள் நுழைந்து, ஒரு வேலையும் செய்யாமல், ரிட்டர்ன் ஹோஸ் வழியாக டேங்குக்கே திரும்பிவிடும். மடை திறந்தே இருக்கிறது. அந்த நேரம் ஹோஸில் கேஜ் வைத்துப் பார்த்தால் முள் சில பார் அழுத்தம் மட்டுமே காட்டும்.

ஸ்டீரிங்கைத் திருப்பியதும் பாக்ஸின் தலையில் இருக்கும் ஒரு மெல்லிய எஃகுத் தண்டு லேசாக முறுக்கிக்கொள்கிறது. டார்ஷன் பார் என்பார்கள். அது சில டிகிரி முறுக்கிக்கொண்டாலே போதும், அதைச் சுற்றியிருக்கும் சுழல் வால்வு ஒருபக்க வழியை அடைக்கத் தொடங்கும். மடை அடைபடுகிறது, எண்ணெய் பிஸ்டனின் ஒருபக்கம் போய்த் தள்ளுகிறது. பிஸ்டன் நகர்ந்தால் பாக்ஸிலிருந்து வெளியே வரும் செக்டர் ஷாஃப்ட் திரும்பும், அதோடு அதில் மாட்டிய டிராப் ஆர்ம் என்ற கை, அது இழுக்கும் டிராக் லிங்க் என்ற கம்பி, கடைசியில் சக்கரம். நாம் திருப்பிய அளவுக்குச் சக்கரம் திரும்பியதும் முறுக்கு அவிழ்கிறது, வால்வு நடுவுக்கு வருகிறது, மடை திறக்கிறது. எஞ்சின் நின்றுபோனாலும் முறுக்குத் தண்டுக்கு ஒரு எல்லை உண்டு. அதைத் தாண்டினால் கியர்கள் நேராகப் பிடித்துக்கொள்ளும். வண்டி திரும்பும், ஆனால் கையால் மலையைத் தள்ளுவதுபோல் இருக்கும்.

மடையைத் திறந்தே வைக்கும் இந்த யோசனை பிரான்சிஸ் டேவிஸ் என்ற அமெரிக்கருடையது. பியர்ஸ் ஆரோ என்ற கம்பெனியின் டிரக் பிரிவில் இன்ஜினியராக இருந்தவர். கனமான லாரிகளைத் திருப்ப டிரைவர்கள் படும் பாடு அவருக்குத் தெரியும். 1926-ல் ஒரு காரில் பொருத்தி ஓட்டியே காட்டினார். ஆனாலும் பொதுமக்கள் வாங்கும் காரில் அது வர 1951 ஆகிவிட்டது. அந்த ஆண்டு கிறைஸ்லர் கம்பெனியின் இம்பீரியல் காரில் வந்தது. லாரிக்காரர்களுக்காக யோசித்த விஷயம் சொகுசுக் காரிலும் போய் உட்கார்ந்துகொண்டது!

பலம் வேறு, வேகம் வேறு

இந்த இடத்தில்தான் அநேகம் பேர் குழம்புகிறார்கள். அழுத்தம் பலத்தைத் தீர்மானிக்கிறது. ஓட்டம் வேகத்தைத் தீர்மானிக்கிறது. ஒரு கணக்குப் போட்டால் தெளிவாகிவிடும். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை, ஆனால் இந்த ரகப் பாக்ஸ்களுக்கு ஒவ்வாதவை அல்ல.

பாக்ஸுக்குள் இருக்கும் பிஸ்டனின் விட்டம் 10 சென்டிமீட்டர் என்று வைப்போம். பரப்பு 78.5 சதுர சென்டிமீட்டர். எண்ணெய் அழுத்தம் 120 பார், அதாவது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் ஏறக்குறைய 122 கிலோ. பெருக்கினால் ஒன்பதரை டன்னுக்கு மேல் வருகிறது. லாரி டயரில் நாம் அடிக்கும் காற்று சுமார் 8 பார்தான், அதைப்போல் 15 மடங்கு இது. பாரம் ஏற்றி நிற்கும் வண்டியின் முன்சக்கரத்தைத் தார்ரோட்டில் தேய்த்துத் திருப்ப இந்தப் பலம் வேண்டும்.

இப்போது வேகம். ஸ்டீரிங்கை ஒரு முழுச்சுற்று சுற்றினால் பிஸ்டன் 2 சென்டிமீட்டர் நகர்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்த இடத்தை நிரப்ப 157 சிசி எண்ணெய் வேண்டும். சந்துக்குள் ரிவர்ஸ் எடுக்கும் டிரைவர் நொடிக்கு ஒன்றரைச் சுற்று சுலபமாகச் சுற்றுவார். அப்படியானால் நொடிக்கு 235 சிசி, நிமிடத்துக்கு 14 லிட்டர். பம்ப் அதற்குக் குறைவாகத் தந்தால்? கை முன்னால் போகிறது, எண்ணெய் பின்னால் வருகிறது. பிஸ்டன் தள்ளுவதற்குப் பதில் நம் கைதான் தள்ளுகிறது. டிரைவருக்குத் திடீரென்று சுவரில் மோதியதுபோல் ஸ்டீரிங் பிடித்துக்கொள்ளும்.

இதிலிருந்தே ஒரு சோதனை கிடைக்கிறது, காசு செலவில்லாதது. வண்டியை நிறுத்தி, எஞ்சினை ஐட்லிங்கில், அதாவது ரேஸ் கொடுக்காமல் ஓடவிட்டு, ஸ்டீரிங்கை மெதுவாகத் திருப்புங்கள். அப்புறம் வேகமாகத் திருப்புங்கள். மெதுவாகத் திருப்பும்போது லேசு, வேகமாகத் திருப்பினால் கனம் என்றால் ஓட்டம் போதவில்லை. மெதுவாகத் திருப்பினாலும் கனம் என்றால் அழுத்தம் ஏறவில்லை, அல்லது கோளாறு எண்ணெயிலேயே இல்லை, இரும்பில் இருக்கிறது. ரேஸ் கொடுத்ததும் லேசாகிறதா என்றும் பாருங்கள். ஆகிறது என்றால் சந்தேகத்தைப் பம்ப் மேலும் பெல்ட் மேலும் வைக்கலாம்.

பம்ப்புக்குள்ளே

லாரிகளில் பெரும்பாலும் வேன் பம்ப்தான், அதாவது தகடு வைத்த பம்ப். வட்டமான ரோட்டரில் வெட்டுகள், அவற்றுக்குள் வெளியேயும் உள்ளேயும் வழுக்கும் மெல்லிய தகடுகள். சுற்றியிருக்கும் வளையம் வட்டமல்ல, முட்டை வடிவம். ரோட்டர் சுற்றும்போது தகடுகள் வெளியே விசிறப்பட்டு வளையத்தை உரசிக்கொண்டே போகின்றன. இரண்டு தகடுகளுக்கு நடுவே இருக்கும் இடம் விரியும்போது எண்ணெயை இழுக்கிறது, சுருங்கும்போது வெளியே தள்ளுகிறது. இவ்வளவுதான். ஒரு சுற்றுக்கு எத்தனை சிசி தள்ளுகிறது என்பதுதான் அந்தப் பம்ப்பின் அளவு.

16 சிசி பம்ப் என்று வைப்போம், எஞ்சின் வேகத்திலேயே சுற்றுகிறது என்றும் வைப்போம். ஐட்லிங்கில் நிமிடத்துக்கு 600 சுற்று. நிமிடத்துக்கு 9.6 லிட்டர். உள்ளே கசிவது ஒரு லிட்டர் போனால் எட்டரை. நமக்குத் தேவைப்பட்டதோ 14. அதனால்தான் சந்துக்குள் கை வலிக்கிறது. அதே பம்ப் 2,000 சுற்றில் 32 லிட்டர் தள்ளும். ஹைவேயில் போகும்போது இவ்வளவு எண்ணெயை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஸ்டீரிங்கைத் தொட்டாலே வண்டி பக்கத்து லேனுக்குப் போகும்.

அதற்காகப் பம்ப்புக்குள் ஃப்ளோ கண்ட்ரோல் வால்வு இருக்கிறது. ஒரு சின்னத் துளை, ஒரு ஸ்பிரிங், ஸ்பூல் என்ற வழுக்கும் ஒரு குட்டி உருளை. துளை வழியாகப் போகும் எண்ணெய் கூடக் கூட, துளைக்கு முன்னும் பின்னும் அழுத்த வித்தியாசம் கூடும். அந்த வித்தியாசம் ஸ்பிரிங்கை வென்றதும் ஸ்பூல் நகர்ந்து, மிச்ச எண்ணெயைப் பம்ப்பின் வாய்க்கே திருப்பிவிடும். உதாரணமாக 14 லிட்டருக்கு அளவு வைத்திருந்தால், 900 சுற்றானாலும் 2,500 சுற்றானாலும் பாக்ஸுக்குப் போவது அந்த 14-ஐ ஒட்டித்தான். அதே ஸ்பூலுக்குள்ளேயே பல பம்ப்களில் ரிலீஃப் வால்வும் உட்கார்ந்திருக்கும். அழுத்தம் ஒரு எல்லையைத் தொட்டால் அது திறந்துகொள்ளும். அது இல்லாவிட்டால் ஸ்டீரிங்கைக் கோடிவரை திருப்பி ஃபுல் லாக்கில் வைத்த முதல் நாளே ஏதாவது ஒன்று வெடித்துவிடும்.

ஆக, "பெரிய பம்ப்" என்ற ஒரே பேச்சில் மூன்று வேறு விஷயங்கள் கலந்திருக்கின்றன. ஒரு சுற்றுக்கு எத்தனை சிசி, வால்வு எத்தனை லிட்டரில் வெட்டுகிறது, ரிலீஃப் எத்தனை பாரில் திறக்கிறது. கடைக்காரரிடம் போய் "பெருசா ஒண்ணு குடுங்க" என்று கேட்டால் இந்த மூன்றில் எது பெரிதாக வரும் என்று சொல்ல முடியாது. சித்தப்பாவுக்கு மூன்றுமே பெரிதாக வந்தது.

சித்தப்பா வாங்கிய பம்ப்

சனிக்கிழமையே ஒரு பழைய சாமான் கடையில் பம்ப் வாங்கிவிட்டார். பெரிய டிப்பரில் இருந்து கழற்றியதாம். போல்ட் துளைகள் ஒத்துப்போயின, அதுவே அவருக்குப் போதுமானதாக இருந்தது. ராத்திரி போன் செய்தார். "ஒத்த விரல்ல திரும்புதுடா. உன் கேஜ நீயே வெச்சுக்க."

ஒன்பதாவது நாள் தும்கூர் ரோட்டில் பிரஷர் ஹோஸ் கிழிந்தது. நல்லவேளை, காலிவண்டி, வேகமும் இல்லை. அதற்கு முன்னாலேயே பாக்ஸின் அடியில், டிராப் ஆர்ம் மாட்டியிருக்கும் இடத்தில், எண்ணெய் கசிய ஆரம்பித்திருந்ததாம். துடைத்துவிட்டு ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார். டேங்க் மூடியைத் திறந்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் கருப்பாக, கருகிய வாசனையோடு இருந்தது.

என்ன நடந்தது என்பதற்கும் கணக்கு உண்டு. அழுத்தத்தை (பாரில்) ஓட்டத்தால் (லிட்டரில்) பெருக்கி 600-ஆல் வகுத்தால் கிலோவாட் வரும். எங்கள் பட்டறையில் தினமும் போடும் கணக்கு இது. 120 பார், 14 லிட்டர் என்றால் 2.8 கிலோவாட். ஸ்டீரிங்கை ஃபுல் லாக்கில் பிடித்துக்கொண்டே நின்றால் சக்கரம் நகரவில்லை, அதனால் இந்தச் சக்தி முழுக்கச் சூடாகத்தான் மாற முடியும். குளியலறையில் இருக்கும் கீசர் 2 கிலோவாட் என்று நினைவில் வையுங்கள். டிப்பர் பம்ப்பின் ரிலீஃப் 150 பார், ஓட்டம் 25 லிட்டர் என்று அப்புறம் அளந்தபோது தெரிந்தது. 150-ஐ 25-ஆல் பெருக்கி 600-ஆல் வகுத்தால் 6.25 கிலோவாட். மூன்று கீசர்கள், 4 லிட்டர் எண்ணெய்க்குள். நொடிக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி சூடேறும். தரகுப்பேட்டையில் ஒரு வளைவுக்கு அரை நிமிடம் லாக்கில் பிடித்தால் என்ன ஆகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். அந்தச் சூட்டில் ரப்பர் சீல் கல்லாகிவிடும்.

இன்னொன்று, அந்த "ஒத்த விரல்" லேசு. வால்வு வழியாக அதிக எண்ணெய் ஓடும்போது, வால்வு கொஞ்சமே அடைபட்டாலும் அழுத்தம் சட்டென்று ஏறிவிடுகிறது. கை தொட்டதும் உதவி வந்து குதிக்கிறது. நின்ற இடத்தில் இது சுகமாகத்தான் இருக்கும். எழுபதில் போகும்போது ரோடு என்ன சொல்கிறது என்பது கைக்குத் தெரியாமல் போகும். லேசான ஸ்டீரிங் நல்ல ஸ்டீரிங் என்று நினைப்பதில் எனக்கு உடன்பாடே இல்லை. லாரி டிரைவருக்குக் கையில் கொஞ்சம் எடை வேண்டும்.

ஹோஸ் கிழிந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை

பம்ப்பைத் தொடுவதற்கு முன் இரும்பைப் பார்க்க வேண்டும். முன் ஆக்சிலை ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்ட் வைத்து, எஞ்சினை நிறுத்திவிட்டு ஸ்டீரிங்கைத் திருப்பிப் பார்த்தோம். சக்கரம் தரையில் இல்லாதபோது ஓரளவு சுலபமாகத் திரும்ப வேண்டும். இடதுபக்கம் போகும்போது கரகரவென்று பிடித்தது. டிராக் லிங்கைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைக் கையால் ஆட்டியதில் தெரிந்தது: சக்கரம் திரும்பும் அச்சான இடது கிங் பின்னுக்குள் கிரீஸே போகவில்லை, கிரீஸ் அடிக்கும் நிப்பிள் அடைத்துக்கிடந்தது. எத்தனை மாதமாக என்று கேட்டேன். சித்தப்பா மேலே பார்த்தார்.

டயர் காற்றும் அப்படித்தான். முன் டயரில் காற்று குறைந்தால் தரையில் படும் பரப்பு கூடும், திருப்புகிற பாரமும் கூடும். அளவை விட அகலமான டயர் போட்டவர்களுக்கும் இதே கதை. இதையெல்லாம் விட்டுவிட்டுப் பம்ப்பை மாற்றுவது, கதவு கீல் துருப்பிடித்ததற்கு ஆளைப் பலசாலியாக மாற்றுவதுபோல.

அப்புறம் கேஜ். பழைய பம்ப்பைத் திரும்ப மாட்டி, புது ஹோஸ் போட்டு, பம்ப்புக்கும் பாக்ஸுக்கும் நடுவில் 250 பார் கேஜ், கேஜுக்கு அப்பால் ஒரு அடைப்பு வால்வு. எண்ணெய் கைக்குச் சூடாகும் வரை ஓட்டிவிட்டு, ஐட்லிங்கில் அந்த வால்வை அடைத்து, முள்ளைப் பார்த்து, உடனே திறந்துவிட வேண்டும். ஐந்து நொடிக்கு மேல் அடைத்தே வைக்கக் கூடாது. ஒரு முக்கியமான எச்சரிக்கை: சில வண்டிகளில் ரிலீஃப் வால்வு பம்ப்பில் இருக்காது, பாக்ஸில் இருக்கும். அந்த வண்டியில் இப்படி அடைத்தால் அழுத்தம் வெளியேற வழியே இல்லை, பம்ப்போ ஹோஸோ உடையும். எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இந்தச் சோதனையில் இறங்காதீர்கள். கசிவு இருக்கிறதா என்று ஹோஸைக் கையால் தடவவும் கூடாது. ஊசித்துளை வழியாகப் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், அது ஆஸ்பத்திரிக் கேஸ். அட்டையை நீட்டிப் பாருங்கள்.

பழைய பம்ப் ஐட்லிங்கில் 70 பார் காட்டியது. ரேஸ் கொடுத்தால் 115 வரை ஏறியது. தகடும் வளையமும் தேய்ந்த பம்ப்பின் கையெழுத்து இது. மெதுவாகச் சுற்றும்போது, தள்ளுகிற எண்ணெயில் பெரும்பங்கு உள்ளேயே கசிந்துவிடுகிறது. பம்ப் போச்சு என்று சித்தப்பா சொன்னது தப்பில்லை, அதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். மருந்துதான் தப்பு.

ஐட்லிங்கிலேயே முழு அழுத்தம் வந்திருந்தால்? அப்போது பம்ப்பைக் குற்றம் சொல்ல முடியாது, பாக்ஸுக்குள் பிஸ்டன் சீல் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். அடைப்பு வால்வைத் திறந்துவிட்டு, ஸ்டீரிங்கை ஒருபக்கம் அழுத்திப் பிடித்து முள்ளைப் பார்ப்பார்கள். வால்வை அடைத்தபோது வந்த அளவு இப்போது வராவிட்டால் மிச்சம் பாக்ஸுக்குள் ஒழுகுகிறது. பல பாக்ஸ்களில் கடைசி லாக் வரும்போது அழுத்தத்தைக் குறைக்கும் லிமிட் வால்வு இருப்பதால், ஆக்சிலின் ஸ்டாப்பர் போல்ட்டில் இரும்புத் துண்டு வைத்து லாக்குக்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்தி அளக்க வேண்டும். துண்டைப் பிடித்துக்கொண்டு விரலை அங்கே வைக்கும் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

அப்படியானால் எதை மாற்றலாம்?

பாக்ஸின் பெயர்ப்பலகையில் அதிகபட்ச அழுத்தம் அடித்திருக்கும். பம்ப்பின் ரிலீஃப் அதைத் தாண்டக் கூடாது. இதில் பேரமே கிடையாது. தாண்டினால் முதலில் சீல், பிறகு செக்டர் ஷாஃப்ட், டிராப் ஆர்ம் என்று பாரம் இறங்கிக்கொண்டே போகும். ஸ்டீரிங் ஷாஃப்ட் ஒடிந்தால் என்ன ஆகும் என்று எழுதத் தேவையில்லை. ஓட்டம் வெட்டும் அளவும் பாக்ஸ் கேட்கும் எல்லைக்குள் இருக்க வேண்டும்.

கூட்ட இடம் இருப்பது முதல் எண்ணில் மட்டும்தான், அதாவது சிசி. 16-க்குப் பதில் 22 சிசி பம்ப், ஆனால் அதே 14 லிட்டர் வெட்டு, அதே 120 பார் ரிலீஃப். ஐட்லிங்கில் 22-ஐ 600-ஆல் பெருக்கினால் 13.2 லிட்டர். கசிவு போகப் பன்னிரண்டுக்கு மேல் கிடைக்கும். சந்துக்குள் கை வலிக்காது. ஹைவேயில் வால்வு வெட்டிவிடுவதால் வண்டியின் குணம் மாறாது. பெல்ட்டில் ஓடும் பம்ப் என்றால் கொஞ்சம் சின்ன புல்லி போட்டு வேகத்தைக் கூட்டியும் இதே பலனைப் பெறலாம். 1.3 மடங்கு வேகம் என்றால் 16 சிசி பம்ப்பே பன்னிரண்டரை லிட்டர் தரும். ஆனால் உச்ச ரேஸில் பம்ப்பும் 1.3 மடங்கு சுற்றும், அதை அந்தப் பம்ப் தாங்குமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சின்ன புல்லியில் பெல்ட் வழுக்குவதும் அதிகம். ஃபுல் லாக்கில் கீச்சென்று கத்தினால் அது பம்ப் இல்லை, பெல்ட்.

சில எஞ்சின்களில் பம்ப் பெல்ட்டில் ஓடாது. டைமிங் கியரில் கடிக்கும், அல்லது ஏர் கம்ப்ரஸரின் பின்பக்கம் தொங்கும். இவற்றில் புல்லி வித்தைக்கு இடமில்லை. இன்னொரு ரகசியமும் இவற்றுக்கு உண்டு: ஷாஃப்ட் சீல் தேய்ந்தால் ஸ்டீரிங் எண்ணெய் வெளியே சொட்டாமல் எஞ்சினுக்குள்ளேயே போய்விடும். டேங்கில் எண்ணெய் குறைந்துகொண்டே வருகிறது, தரையில் ஒரு சொட்டும் இல்லை என்றால் எஞ்சின் ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள்.

ஜே.சி. ரோட்டில் பம்ப் வாங்கப் போகும்போது பழைய பம்ப்பைக் கையிலேயே கொண்டுபோங்கள். ராணே, இசட்.எஃப் போன்ற ஸ்டீரிங் பாகக் கம்பெனிகளின் பம்ப்களில் பார்ட் நம்பர் பலகையிலேயே இருக்கும், அதை வைத்துக் கேட்டால் மூன்று எண்களையும் சரிபார்த்துக்கொள்ளலாம். நான்காவதாகச் சுற்றும் திசையையும் கேளுங்கள். ஷாஃப்ட் பக்கமிருந்து பார்த்தால் வலமா, இடமா? வேன் பம்ப்பைத் தலைகீழாகச் சுற்றினால் எண்ணெய் வராது, காய்ந்து உரசியே செத்துப்போகும். போல்ட் துளை ஒத்துப்போவது ஒரு பொருத்தமே அல்ல.

மேனுவல் ஸ்டீரிங் வண்டியில் புதிதாகப் பவர் ஸ்டீரிங்கே ஏற்ற நினைப்பவர்களுக்கு இது வேறு அளவு வேலை. பாக்ஸ், பிராக்கெட், டிராப் ஆர்ம் நீளம் எல்லாம் மாறும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு வண்டியின் அமைப்பை மாற்றுவதற்குக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. ஆர்.டி.ஓ-வில் கேட்காமல் இறங்க வேண்டாம். எட்டு வயது தாண்டிய வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி உண்டு, ஸ்டீரிங்கை அதில் பார்ப்பார்கள்.

மாட்டும்போது

பம்ப் மாற்றினால் டேங்க் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். பழைய பம்ப் தேய்ந்து உதிர்த்த இரும்புத்தூள் எல்லாம் எண்ணெயோடுதான் சுற்றிக்கொண்டிருந்தது, அதைப் புதுப் பம்ப்புக்கு ஊட்டக் கூடாது. பாக்ஸிலிருந்து பழைய எண்ணெயை முழுக்க வடித்துவிட வேண்டும். பிரஷர் ஹோஸைப் பீன்யாவில் அளவு கொடுத்து இரட்டைக் கம்பி வலை போட்டு அடித்துக்கொண்டோம். டேங்கிலிருந்து பம்ப்புக்கு வரும் ஹோஸைப் பலர் கவனிப்பதில்லை. அது ஒடுங்கியிருந்தாலோ உள்ளே உரிந்திருந்தாலோ பம்ப்புக்கு மூச்சு முட்டும், எண்ணெயில் குமிழி உண்டாகி வெடித்து உள்ளே அரிக்கும். பெரிய பம்ப் போட்டால் இந்த ஹோஸும் தாராளமாக இருந்தாக வேண்டும்.

எண்ணெய் விஷயத்தில் வண்டியின் புத்தகம் சொல்வதே சட்டம். பெரும்பாலான லாரிகளுக்கு, கடைகளில் டி.க்யூ ஆயில் என்று கேட்டு வாங்கும் சிவப்பு எண்ணெய். இருக்கிறதே என்று எஞ்சின் ஆயிலை ஊற்றுவதும், இரண்டு ரகத்தைக் கலப்பதும் வேண்டாம்.

ஏர் எடுப்பதற்குத்தான், அதாவது உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றத்தான், பொறுமை வேண்டும். முன்சக்கரங்களைத் தூக்கி வைத்து, டேங்கை நிரப்பி, எஞ்சினைப் போடாமலேயே ஸ்டீரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெதுவாகப் பத்துப் பதினைந்து முறை திருப்பினோம். மட்டம் இறங்க இறங்க எண்ணெய் ஊற்ற ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் நான். பிறகு எஞ்சினை ஐட்லிங்கில் விட்டு மறுபடியும் அதே வேலை, லாக்கில் நிறுத்தாமல். டேங்கில் குமிழி வந்துகொண்டே இருந்தது, எண்ணெய் மோர் மாதிரி வெளுத்தது, பம்ப் முனகியது. காற்று இருக்கிறது என்பதன் அடையாளம் இதெல்லாம். எஞ்சினை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனோம். அரைமணி நேரத்தில் நுரை அடங்கியது. இரண்டாவது தடவை முனகல் இல்லை. கடைசியாக லிமிட் வால்வையும் ஸ்டாப்பர் போல்ட்டையும் மெக்கானிக் அண்ணன் சரிபார்த்தார். புதுப் பம்ப்பில் கேஜ் ஐட்லிங்கில் 118 காட்டியது.

அன்று ராத்திரியே தரகுப்பேட்டைக்கு லோடு. காலையில் போன் செய்து எப்படி இருக்கிறது சித்தப்பா என்றேன்.

"திரும்புது. டிப்பர் பம்ப் அளவுக்கு லேசு இல்ல" என்றார். கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அந்த நிப்பிள்ள கிரீஸ் எத்தன நாளைக்கு ஒருக்கா அடிக்கோணும்?" என்று கேட்டார்.